மடிக்கிற போன்ல ரெண்டு மூணு ஆப்பை ஒண்ணா வச்சு வேலை பாக்கறது எப்படி

மாசாமாசம் 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1, அதாவது ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு போடணும், 20க்குள்ள வரி கட்டற கணக்கான 3பி போடணும். நான் சின்னச் சின்ன கடைங்களுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுங்களுக்கும் கணக்கு எழுதறவன், முக்கால்வாசி பேர் பில்லை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல தள்ளி விட்டுருவாங்க, அதை ஒவ்வொண்ணா பாத்து கூகுள் ஷீட்ல ஏத்தணும். சாதா போன்ல இதை பண்ணவங்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும், பில்லை பாத்து நம்பரை மனசுல வச்சுக்கிட்டு ஆப் மாத்தி ஷீட்டுக்கு வர்றதுக்குள்ள கடைசி ரெண்டு எழுத்து மறந்து போயிடும், திரும்ப வாட்ஸ்அப், திரும்ப ஷீட், ஒரு ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்துங்க, அதுல ஒண்ணு தப்பா போச்சுன்னா பார்ட்டிக்கு கிரெடிட், அதாவது கட்டின வரியை கழிச்சுக்கற சலுகை, போய் சேராது.

மடிக்கிற போன் வாங்கினதே இதுக்காகத்தான். ஆனா வாங்கி முதல் ரெண்டு மாசம் அதை பெரிய போனா மட்டுமே யூஸ் பண்ணிட்டு இருந்தேன், திரையை விரிச்சு ஒரே ஆப்பை முழுசா தொறந்து வச்சுக்கிட்டு. நம்ம ஆளுங்க நிறைய பேர் இன்னும் அப்படித்தான் வச்சிருக்காங்க. அவ்வளவு காசு குடுத்து வாங்கிட்டு பாதி வேலையைக்கூட அதுகிட்ட வாங்கலைன்னா எனக்கு மனசு கேக்காது, அதனாலதான் இதை விளக்கமா எழுதறேன்.

நான் சொல்றது சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டை வச்சு, ஏன்னா எனக்கு கை பழகினது அது. மத்த கம்பெனி போனுக்கு கடைசியில கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல திரையோட வடிவத்தை புரிஞ்சுக்கணும், இது புரிஞ்சா மீதி எல்லாம் தன்னால வரும். ஃபோல்ட் 4 மாதிரி ஒரு 7.6 இன்ச் திரையை விரிச்சு நேரா புடிச்சீங்கன்னா மடிப்புக் கோடு மேல இருந்து கீழ நடுவுல ஓடும். அந்தக் கோட்டுல ரெண்டா பிரிச்சா இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு ஒல்லியான நீளமான பாகம் கிடைக்கும், அது ரெண்டுமே கிட்டத்தட்ட ஒரு சாதா போன் வடிவம். வாட்ஸ்அப், ஜிமெயில், பேங்க் ஆப் எல்லாமே போன் வடிவத்துக்குன்னு செஞ்சதுதானே, அதனால இடது வலதா பிரிக்கும்போது எந்த ஆப்பும் கோணல்மாணலா ஆகாது. இதுவே மேல கீழன்னு பிரிச்சா அகலமா குட்டையா ரெண்டு பட்டை கிடைக்கும், அதுல கீபோர்டு வந்துச்சுன்னா முடிஞ்சது கதை, டைப் பண்ற இடம் ரெண்டு வரி தெரியும் அவ்வளவுதான். அதனால என்னோட முதல் விதி, எழுத்து வேலைன்னா இடது வலது. வீடியோ பாக்கறது, மேப் பாக்கறது மாதிரி அகலம் வேணும்ங்கற வேலைக்கு மட்டும் மேல கீழ. பிரிக்கற கோட்டை மடிப்பு மேலயே வச்சீங்கன்னா இன்னொரு லாபம், எந்த எழுத்தும் அந்த பள்ளத்துல விழாது, கண்ணுக்கு உறுத்தாது.

இப்ப தொறக்கற வழி. மூணு நாலு வழி இருக்கு, எல்லாத்தையும் கத்துக்க தேவையில்ல, ஒண்ணு கைக்கு பழகினா போதும்.

எனக்கு ரொம்ப புடிச்சது டாஸ்க்பார். ஏதாவது ஒரு ஆப்புக்குள்ள இருக்கும்போது திரைக்கு கீழ கம்ப்யூட்டர்ல இருக்கற மாதிரி ஐகான் வரிசையா நிக்குமே அதுதான், 2022ல ஆண்ட்ராய்டு 12எல்னு ஒரு வெர்ஷன் பெரிய திரைக்குன்னே வந்துச்சு, அதுலதான் இது வந்தது, ஃபோல்ட் 4ல முதல் நாள்ல இருந்தே இருக்கு. உங்க போன்ல அது தெரியலைன்னா செட்டிங்ஸ், டிஸ்ப்ளே போய் டாஸ்க்பாரை ஆன் பண்ணுங்க. இப்ப வாட்ஸ்அப்பை முழுசா தொறந்து வச்சுக்கோங்க, கீழ டாஸ்க்பார்ல ஷீட்ஸ் ஐகானை அழுத்திப் புடிச்சு அப்படியே மேல இழுத்து வலது பக்கமா கொண்டு போங்க, அந்த பாதி மட்டும் நிறம் மாறி காட்டும், அங்க விட்டுருங்க. அவ்வளவுதான், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. மூணாவது வேணும்னா அதே மாதிரி இன்னொரு ஐகானை இழுத்து எந்த பக்கம் போடணுமோ அங்க போடுங்க. பக்கத்துல போடாம திரை நடுவுல விட்டீங்கன்னா அது தனியா மிதக்கற குட்டி விண்டோவா தொறக்கும், அதைத்தான் பாப் அப் வியூன்னு சொல்றாங்க.

டாஸ்க்பார்ல இல்லாத ஆப்புன்னா எட்ஜ் பேனல், திரை ஓரத்துல இருக்கற சின்ன கோட்டை உள்ள இழுத்தா வர்ற பட்டியல், அதுல இருந்தும் இதே மாதிரி இழுத்து போடலாம். ரீசன்ட்ஸ் பட்டனை தட்டினா ஏற்கனவே தொறந்த ஆப் எல்லாம் வரும்ல, அதுல ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஐகான் இருக்கும், அதை தட்டினா ஓபன் இன் ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் வியூ, ஓபன் இன் பாப் அப் வியூன்னு கேக்கும். இழுக்கறது கைக்கு வராதவங்களுக்கு, குறிப்பா வயசானவங்களுக்கு இது சுலபம், எங்க அப்பாவுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தேன்.

விரல் வித்தை ரெண்டு இருக்கு. செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ், மல்டி விண்டோன்னு போங்க, பழைய வெர்ஷன்னா லேப்ஸ்ங்கற மெனுக்குள்ள இருக்கும். அங்க ஸ்வைப் ஃபார் ஸ்ப்ளிட் ஸ்க்ரீனை ஆன் பண்ணிட்டா, ரெண்டு விரலை திரையோட அடியில வச்சு மேல தள்ளினா இருக்கற ஆப் ஒரு பக்கம் ஒதுங்கி அடுத்த ஆப் எதுன்னு கேக்கும். ஸ்வைப் ஃபார் பாப் அப் வியூவை ஆன் பண்ணிட்டா, மேல் மூலையில இருந்து குறுக்கா உள்ள இழுத்தா முழு ஆப்பே சுருங்கி மிதக்கற விண்டோவா ஆயிடும். இந்த ரெண்டாவதை நான் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது பண்ணுவேன்னு நினைக்கிறேன்.

சரி, தொறந்தாச்சு. இதுக்கு அப்புறம்தான் முக்கியமான விஷயம், இதை யாரும் சொல்லித்தர்றது இல்ல. தினமும் இழுத்து இழுத்து போட்டுட்டு இருந்தா ஒரு வாரத்துல சலிச்சுரும், பழையபடி ஒரே ஆப்புக்கு போயிடுவீங்க. அதனால நீங்க தினமும் பண்ற வேலை என்னன்னு உக்காந்து யோசிங்க, ஒவ்வொரு வேலைக்கும் எந்த ரெண்டு ஆப் வேணும்னு பாருங்க, அதை ஜோடியா சேவ் பண்ணி வச்சுருங்க. ரெண்டு ஆப்பையும் பக்கத்துல தொறந்து, நடுக்கோட்டுல புள்ளி புள்ளியா இருக்கும் பாருங்க, அதை தட்டினா சின்ன மெனு வரும், அதுல ஜோடியை சேக்கறதுக்கு ஒரு ஐகான் இருக்கும், அதை தட்டினா ஹோம் ஸ்க்ரீன்லயா, டாஸ்க்பார்லயா, எட்ஜ் பேனல்லயான்னு கேக்கும். போன்ல இதுக்கு ஆப் பேர்னு போட்டிருக்கும், இங்கிலீஷ்ல ஜோடிங்கற அர்த்தத்துல சொல்றது, நம்ம பேர் இல்ல, என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஆப்புக்கு பேர் வைக்க சொல்லுதுன்னு நினைச்சு ரொம்ப நாள் அதை தொடவே இல்ல. நான் ஜோடின்னே சொல்றேன்.

என்கிட்ட நாலு ஜோடி இருக்கு. வாட்ஸ்அப்பும் ஷீட்ஸும், இது பில் ஏத்தறதுக்கு. குரோமும் ஷீட்ஸும், இது ஜிஎஸ்டி சைட்ல சர்ச் டாக்ஸ்பேயர்ல போய் நம்பரை சரி பாக்க, தமிழ்நாட்டு பார்ட்டின்னா நம்பர் 33ல ஆரம்பிக்கணும், வேற எதுலயாவது ஆரம்பிச்சா வெளி மாநிலம், ஐஜிஎஸ்டி கணக்கு, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் விக்கறதுக்கான வரி வரும், அதை ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தாத்தான் கண்ணுல படும். ஜிமெயிலும் கேலண்டரும் ஒண்ணு. யூட்யூபும் நோட்ஸும் ஒண்ணு, இது ஏதாவது புது ரூல் பத்தி வீடியோ பாத்துட்டே குறிச்சுக்க. ஒரே தட்டு, ரெண்டு ஆப்பும் அதே இடத்துல அதே அளவுல வந்து நிக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ஜோடி எந்த ஆப், எந்த இடம்னுதான் ஞாபகம் வச்சுக்கும், எந்த ஃபைல்னு வச்சுக்காது, ஷீட்டை நீங்கதான் தொறக்கணும். மூணு ஆப்பையும் இதே மாதிரி சேத்து சேவ் பண்ணலாம், ஆனா நான் பண்றதில்ல, காரணம் சொல்றேன்.

மூணு விண்டோ பாக்க நல்லா இருக்கும், கடையில டெமோ காட்டறப்ப அசந்து போவோம். நிஜ வேலையில மூணாவது விண்டோ வந்தா ஒரு பாதி மறுபடியும் ரெண்டா வெட்டுப்படும், அந்த கால் திரையில கீபோர்டும் வந்துச்சுன்னா ஒண்ணும் தெரியாது. அதனால என் முறை, ரெண்டு ஆப் நிலையா பக்கத்துல, மூணாவது எதுவா இருந்தாலும் மிதக்கற விண்டோ. கால்குலேட்டர் அப்படித்தான், வேணும்போது மேல வரும், கூட்டிப் பாத்துட்டு மேல இருக்கற சின்ன பிடியை தட்டினா மினிமைஸ்னு இருக்கும், அதை அழுத்தினா உருண்டையா ஒரு ஐகான் ஆகி ஓரத்துல ஒட்டிக்கும், திரும்ப தட்டினா அதே கணக்கோட வரும். அதே பிடியில ஒளி ஊடுருவற அளவை கூட்டிக் குறைக்கற வசதியும் இருக்கு, கால்குலேட்டரை லேசா கண்ணாடி மாதிரி ஆக்கிட்டா பின்னாடி பில்லு தெரியும். மூலையை புடிச்சு இழுத்தா சின்னதாவும் பெருசாவும் ஆகும்.

கீபோர்டு விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் பாதி பேர் வெறுத்துப் போறாங்க. இடது வலதா பிரிச்சு வச்சு வலது பக்கம் ஷீட்ல டைப் பண்ண தட்டினா, கீபோர்டு முழு அகலத்துக்கும் கீழ வந்து உக்காந்துக்கும், இடது பக்க பில்லோட கீழ்ப்பாதியும் சேந்து மறைஞ்சுடும், பில்லுல டோட்டல் இருக்கறதே கீழதானே. இதுக்கு மிதக்கற கீபோர்டு வச்சுக்கோங்க. சாம்சங் கீபோர்டுன்னா கீபோர்டு மேல இருக்கற மெனுவுல மோட்ஸ்னு இருக்கும், அதுல ஃப்ளோட்டிங் கீபோர்டு, கூகுளோட ஜிபோர்டு கீபோர்டுலயும் ஃப்ளோட்டிங்னு இருக்கு. அதை சுருக்கி டைப் பண்ற பக்கமாவே ஓரம் கட்டி வச்சுட்டா இன்னொரு பாதி முழுசா தெரியும். ரெண்டு கட்டைவிரல்லயும் வேகமா நீளமா எழுதறவங்களுக்கு மிதக்கற கீபோர்டு ஒத்து வராது, அவங்களுக்கு ஸ்ப்ளிட் கீபோர்டு, நடுவுல பிரிஞ்சு ரெண்டு ஓரத்துலயும் வரும். தமிழ்ல எழுதறதா இருந்தா நான் பாதி நேரம் ஜிபோர்டு மைக்கை அழுத்தி பேசிடுவேன், பேச்சு டைப்பிங்குக்கு கீபோர்டு இடமே தேவைப்படாது.

இதோட இன்னொண்ணு. போன வருஷம் ஒரு தம்பி, மெடிக்கல் ரெப்பா இருக்கான், என்கிட்ட வந்து "அண்ணா, ரெண்டு ஆப் தொறந்தா எல்லாம் குறுகிப் போயி எட்டு வார்த்தை கூட தெரிய மாட்டேங்குதுண்ணா, இதுக்கா இவ்வளவு காசு"ன்னான். வாங்கி பாத்தா எழுத்து அளவும் ஸ்க்ரீன் ஜூமும் ரெண்டுமே கூட்டி வச்சிருக்கான். செட்டிங்ஸ், டிஸ்ப்ளேல ஸ்க்ரீன் ஜூமை கடைசி வரைக்கும் குறைச்சு, எழுத்து அளவை மட்டும் கண்ணுக்கு தோதா ஒரு படி ஏத்தி வச்சுக் குடுத்தேன், அதே பாதித் திரையில ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விஷயம் தெரிய ஆரம்பிச்சுது. "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லண்ணா"ன்னு கேட்டான். இதை எல்லாரும் முதல் நாளே பண்ணிருங்க. கூடவே அதே மல்டி விண்டோ மெனுவுல ஃபுல் ஸ்க்ரீன் இன் ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் வியூன்னு ஒண்ணு இருக்கும், அது மேல இருக்கற டைம், பேட்டரி வரியையும் கீழ இருக்கற பட்டன் வரியையும் மறைச்சுடும், இன்னும் ரெண்டு வரி லாபம்.

இழுத்துப் போடறது. இது தெரியாமயே வருஷக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க. கேலரி ஒரு பக்கம், ஜிமெயில்ல புது மெயில் ஒரு பக்கம் வச்சுக்கிட்டு, கேலரியில போட்டோவை அழுத்திப் புடிச்சு அப்படியே இந்தப் பக்கம் கொண்டு வந்து விட்டா அட்டாச் ஆயிடும். மை ஃபைல்ஸ்ல இருந்து பிடிஎஃப்பும் அப்படித்தான். எழுத்தையும் செலக்ட் பண்ணி இழுத்து அடுத்த ஆப்ல விடலாம், காப்பி பேஸ்ட் தேவையில்ல. எல்லா ஆப்பும் இதை வாங்கிக்காது, வாங்கிக்கலைன்னா விரலை எடுத்ததும் அது பாட்டுக்கு பழைய இடத்துக்கே போயிடும், ஒண்ணும் கெட்டுப் போகாது, தைரியமா முயற்சி பண்ணி பாருங்க.

ஒரே ஆப்பை ரெண்டு விண்டோவா தொறக்கறதும் முடியும், சில ஆப்ல. குரோம்ல மூணு புள்ளியை தட்டினா நியூ விண்டோன்னு இருக்கும், அதை அழுத்தினா இன்னொரு குரோம் பக்கத்துலயே தொறக்கும், ரெண்டு சைட்டை ஒப்பிட்டு பாக்கலாம். சாம்சங் இன்டர்நெட், மை ஃபைல்ஸ், சாம்சங் நோட்ஸ் இதெல்லாமும் ரெண்டா தொறக்கும். மை ஃபைல்ஸை ரெண்டா தொறந்து ஒரு ஃபோல்டர்ல இருந்து இன்னொரு ஃபோல்டருக்கு இழுத்து விடறது கம்ப்யூட்டர்ல பண்ற மாதிரியே இருக்கும். வாட்ஸ்அப் ரெண்டு நம்பர் வச்சிருந்தா அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்ல டூயல் மெசஞ்சர் ஆன் பண்ணினா ரெண்டாவது ஐகான் வரும், ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கலாம்.

ஆனா இங்க ஒரு எச்சரிக்கை, எனக்கு நடந்தது. ரெண்டு வாட்ஸ்அப்பும் பக்கத்துல பக்கத்துல, ரெண்டுலயும் ரெண்டு வேற பார்ட்டி. ஒருத்தரோட மாச டோட்டலை இன்னொருத்தருக்கு அனுப்பிட்டேன், டெலீட் பண்றதுக்குள்ள அவர் பாத்துட்டார். ரெண்டு பேரும் ஒரே தொழில். அன்னைக்கு பட்ட சங்கடம் இன்னும் மறக்கல, ரெண்டு பேர்கிட்டயும் நேர்ல போய் மன்னிப்பு கேட்டேன். நடந்தது என்னன்னா, நீங்க கடைசியா எந்த விண்டோவை தொட்டீங்களோ அதுலதான் கீபோர்டு எழுதும், கண்ணு ஒரு பக்கம் பாத்துட்டு இருக்கும், கர்சர் இன்னொரு பக்கம் இருக்கும். அன்னைக்கு இருந்து அனுப்பற விண்டோ எப்பவும் எனக்கு வலது பக்கம், பாக்கற விண்டோ இடது பக்கம், மாத்தவே மாட்டேன், ரெண்டு வாட்ஸ்அப்பை ஒண்ணா தொறக்கறதையும் விட்டுட்டேன். அடுத்தவங்க கணக்கு நம்ம கையில இருக்கறவங்க இதை கண்டிப்பா கடைபிடிங்க.

பேங்க் ஆப்பை பத்தி. சில பேங்க் ஆப் பக்கத்துல இன்னொரு விண்டோ இருந்தாலே தொறக்க மறுக்கும், மிதக்கற ஐகான் ஏதாவது மேல இருந்தாலும் எச்சரிக்கை குடுக்கும். பாதுகாப்புக்காக பண்றதுதான், அதை சுத்தி வழி தேடாதீங்க, பணம் அனுப்பும்போது முழுத்திரையிலயே வச்சுக்கோங்க. அதோட, பாதி ஃபார்ம் நிரப்பிட்டு இருக்கும்போது விண்டோ அளவை மாத்தறது, போனை மடிக்கிறது வேண்டாம். அளவு மாறும்போது ஆண்ட்ராய்டு அந்த ஆப் திரையை புதுசா வரைய சொல்லும், ஒழுங்கா எழுதின ஆப் போட்டதை பத்திரமா வச்சுக்கும், சரியா எழுதாத ஆப் எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து கேக்கும். வீடியோ கால்ல முழுத்திரையை ஷேர் பண்ணினாலும் தொறந்திருக்கற எல்லா விண்டோவும் எதிர்ல இருக்கறவங்களுக்கு தெரியும், ஷேர் பண்றதுக்கு முன்னாடி மத்ததை மூடிருங்க.

ஒரு காலத்துல ரெண்டு ஆப் தொறந்தா ஒரு பக்கம் வீடியோ நின்னு போற பிரச்சனை இருந்துச்சு. ஆண்ட்ராய்டுல ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் 2016ல ஆண்ட்ராய்டு 7லயே வந்துடுச்சு, ஆனா அப்ப நீங்க தொட்ட ஆப் மட்டும்தான் முழுசா முழிச்சிருக்கும், இன்னொண்ணு பாதியில நிறுத்தி வச்ச நிலையில இருக்கும். 2019ல ஆண்ட்ராய்டு 10 வந்தப்பதான் கண்ணுக்கு தெரியற எல்லா ஆப்பும் ஒரே நேரத்துல முழிச்சிருக்க வழி பண்ணினாங்க, முதல் கேலக்ஸி ஃபோல்டும் அதே வருஷம்தான் வந்துச்சு. அதனால இப்ப அந்தக் கவலை ரொம்ப குறைவு. ஆனா எல்லாம் முழிச்சிருக்குன்னா எல்லாம் பேட்டரி சாப்பிடுதுன்னும் அர்த்தம், ஃபோல்ட் 3ல இருந்து ஃபோல்ட் 7 வரைக்கும் பேட்டரி அதே 4400 எம்ஏஎச்தான். மேப்பும் வீடியோ காலும் ஒண்ணா ஓட்டினா கை சுடும். உருண்டையா மினிமைஸ் பண்ணி மறந்து போன விண்டோக்களை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது மூடிருங்க.

ஏதாவது ஒரு ஆப் ஸ்ப்ளிட்ல வரவே மாட்டேன்னு அடம் புடிச்சா, மல்டி விண்டோ மெனு இல்லன்னா லேப்ஸ்ல மல்டி விண்டோ ஃபார் ஆல் ஆப்ஸ்னு ஒண்ணு இருக்கும், ஆன் பண்ணி பாருங்க, முக்கால்வாசி வந்துடும், கேம் சிலது கோணலா தெரியும். லேப்ஸ்லயே ஃப்ளெக்ஸ் மோட் பேனலும் இருக்கு, போனை லேப்டாப் மாதிரி பாதி மடிச்சு மேஜையில வச்சா மேல வீடியோ ஓடும், கீழ டச்பேடு மாதிரி கன்ட்ரோல் வரும், சமையலறையில சமையல் வீடியோ பாக்க என் மனைவிக்கு இதுதான் புடிக்கும். மடிச்சு மூடினதும் வெளித்திரையில எந்த ஆப் தொடரணும்ங்கறது செட்டிங்ஸ், டிஸ்ப்ளேல கன்டின்யூ ஆப்ஸ் ஆன் கவர் ஸ்க்ரீன், எனக்கு மேப்பும் கால்குலேட்டரும் மட்டும் ஆன்.

மத்த போன். ஒன்பிளஸ் ஓபன்ல ஓபன் கேன்வாஸ்னு ஒரு முறை, ரெண்டு விரலை திரை நடுவுல வச்சு கீழ இழுத்தா பிரியும், அதுல மூணு ஆப் வச்சாலும் மூணையும் நசுக்காம ஒண்ணை திரைக்கு வெளிய பாதி தள்ளி வச்சிருக்கும், ஓரத்தை தட்டினா உள்ள வரும். நான் மேல சொன்ன மூணாவது விண்டோ பிரச்சனைக்கு எனக்கு தெரிஞ்சு ரொம்ப நல்ல பதில் இது. சாம்சங்கும் 2025ல ஒன் யுஐ 8ங்கற அவங்க சாஃப்ட்வேர் வெர்ஷன்ல இதே மாதிரி ஒரு ஆப்பை 90 பங்கு, இன்னொண்ணை ஓரத்துல 10 பங்குன்னு வைக்கற வசதியை குடுத்தாங்க, 8 இன்ச் திரை இருக்கற ஃபோல்ட் 7ல அதோடயே வந்துச்சு. பிக்சல் ஃபோல்டுல ரெண்டு ஆப்தான் பக்கத்துல வைக்க முடியும், கீழ இருந்து கொஞ்சமா மேல இழுத்தா டாஸ்க்பார் வரும், அதுல இருந்து இழுத்துப் போடணும், ஆண்ட்ராய்டு 15ல இருந்து ரீசன்ட்ஸ்லயே சேவ் ஆப் பேர்னு இருக்கு.

இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு ஜோடி மட்டும் சேவ் பண்ணுங்க, தினமும் எந்த ரெண்டு ஆப்புக்கு நடுவுல அதிகமா அலையறீங்களோ அது. டாஸ்க்பார்ல முதல் இடத்துல வைங்க. ஸ்க்ரீன் ஜூமை குறைச்சுட்டு, மிதக்கற கீபோர்டையும் ஒரு தடவை தொறந்து இடம் பாத்து வச்சுருங்க, நாளைக்கு காலையில வேலை ஆரம்பிக்கும்போது தேடிட்டு இருக்க வேண்டாம்.